‘சமைக்கக் கத்துக்க மூணு வருஷமா?’

கேள்வி: வணக்கம் மேடம். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் 600-க்கு 511 வாங்கியிருக்கிறேன். நீட் எட்டவில்லை. ஊட்டச்சத்து படிக்க ஆசை. ‘சமைக்கக் கத்துக்க மூணு வருஷமா?’ என்று சித்தப்பா கேலி செய்கிறார். அக்காவோ, மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்தாலே இன்ஸ்டாகிராமில் சம்பாதிக்கலாம் என்கிறாள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: சித்தப்பாவிடம் கோபப்படாதே கண்ணு. 1986-ல் நான் கோவை அவினாசிலிங்கத்தில் சேர்ந்தபோது எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டார். படித்ததில் பெரும்பகுதி வேதியியலும் உடலியங்கியலும். அடுப்புப் பக்கம் போனாலும் கையில் தராசு இருக்கும். 100 கிராம் அரிசி வெந்தால் எவ்வளவு சோறு, அது எத்தனை கரண்டி என்று அளந்து அளந்து எழுதுவோம். அந்தக் கரண்டிக் கணக்குதான் எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது.

பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கட்டட வேலைக்குப் போகிற ஒருவர், புதிதாகச் சர்க்கரை நோய். புத்தகத்தில் இருந்தபடியே பிரட் டோஸ்ட், ஆடை எடுத்த பால், ஒரு ஆப்பிள் என்று ஒரு டயட் சார்ட்டை அச்சடித்தது போல் அழகாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மிணி, நான் கம்மங்கூழு குடிச்சுப்போட்டுத்தான் சாரம் ஏறுவேன். அது இதுல எங்கீங்க இருக்குது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சீனியர் டயட்டீஷியன் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு பதிலுக்கும் ‘அப்புறம்?’ என்றார். இனிப்பே தொடுவதில்லை என்று சொன்ன மனிதர், கால் மணி நேரம் கழித்து நான்கு டீக்கு வந்து சேர்ந்தார். டீயை அவர் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை! கூழின் அளவை மட்டும் பேசி முடிவு செய்துவிட்டு, டீயில் கை வைத்தார் சீனியர். என் சார்ட் குப்பைக்குப் போனது.

மூன்று மாத கோர்ஸில் இது வராது. அறிவு வளர்த்துக்கொள்ளப் படி, தப்பில்லை. அதை நம்பி நோயாளிக்கு ஆலோசனை சொல்லாதே. இளநீர் எல்லாருக்கும் நல்லது என்று ஒரு ரீல்ஸ் போட எத்தனை நேரமாகும்? சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர் அதைக் கேட்டுக் குடித்தால், அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். அவர்களுக்குக் காயைக்கூட நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடச் சொல்வோம்.

சரி, வழிக்கு வருவோம். மூன்று வருடம் பி.எஸ்சி. அப்புறம் எம்.எஸ்சி. மருத்துவமனையில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்து, இந்திய டயட்டெட்டிக் சங்கம் நடத்தும் தேர்வில் தேறினால் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) என்று போட்டுக்கொள்ளலாம். மருத்துவம் சார்ந்த தொழில்களின் படிப்பையும் பதிவையும் முறைப்படுத்த, டயட்டீஷியன்களையும் சேர்த்து 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. எனவே சேருமுன் கல்லூரியின் அங்கீகாரத்தை விசாரித்துவிடு.

நோயாளிகளோடு ஒத்துவராது என்றால், டி.என்.பி.எஸ்.சி. எழுதி அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் ஆகலாம். ஆராய்ச்சி ஆசை இருந்தால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் எம்.எஸ்சி. இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. (அந்த நிறுவனம் 1918-ல் தொடங்கியது நம் குன்னூரில், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில். சித்தப்பாவிடம் சொல்!)

ஆரம்பச் சம்பளம் அவர் மெச்சும்படி இருக்காது. விடிந்ததும் வார்டில் நிற்க வேண்டும். ரைல்ஸ் டியூப் ஃபீட் (மூக்கு வழியாகக் குழாயில் கொடுக்கும் உணவு) ஐந்து நிமிடம் தாமதமானாலும் நர்ஸிடம் பேச்சு வாங்க வேண்டும்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு வேலை செய். உங்கள் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று முழுக்க அவர் சாப்பிட்டதை டம்ளர், கரண்டிக் கணக்கோடு எழுதி வாங்கு. ‘அப்புறம்?’ என்று கேட்க மறக்காதே. அலுப்பாக இருந்ததா, சுவாரசியமாக இருந்ததா என்று எனக்கு எழுது.

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஆறு வருடம் ஆகிறது. சுகாதாரக் கல்வித் துறைக்கு இனி வர முடியுமா?
– வாசகர், நிலக்கோட்டை

பதில்: வெண்ணெயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். காந்திகிராமத்தில் உள்ள கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் பட்டதாரிகளுக்குச் சுகாதாரக் கல்வியில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறும் தூரம்தான். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய் விசாரியுங்கள். அரசுப் பணியிடங்கள் குறைவு. தொண்டு நிறுவனங்களில்தான் வாய்ப்பு அதிகம், ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். பைக் ஓட்டத் தெரியும்தானே?