வரிக்கு வரம்பு உண்டு, மச்சினனுக்கு?

கேள்வி: கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் போன நவம்பரில் 14 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். சொத்து வரி வருஷம் 17,000. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதே அளவு வீட்டுக்கு 2,000தான் கட்டுகிறார். இப்போது 7,000 டாலருக்கு இன்னொரு பில்! திருச்சியில் மச்சினன் ஃபிளாட்டுக்காக ஏற்கெனவே ஹெலாக்கில் (இந்த வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன், வட்டி 8.5 சதவீதம்) 90,000 எடுத்தாயிற்று, இன்னும் 20,000 கேட்கிறார். எல்லாவற்றையும் அதிலேயே எடுத்துவிடலாமா? வரி இன்னும் ஏறுமோ என்று தூக்கமே இல்லை.

பதில்: தூக்கம் கெடுவது நியாயம்தான், ஆனால் கவலைப்பட வேண்டாத பில்லுக்காகக் கெடுகிறது.

பெரியவர் 1978-க்கு முன்பே வீடு வாங்கியிருப்பார். அந்த வருஷம் ஜூனில், வரி எதிர்ப்பாளர்கள் ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த ப்ராப் (ப்ரபொசிஷன், அதாவது மக்கள் ஓட்டுக்கு விடும் சட்ட முன்மொழிவு) 13, மக்கள் ஓட்டால் மாநில அரசியல் சட்டத்திலேயே ஏறியது. அடிப்படை வரி 1 சதவீதம். வரிக்கான மதிப்பு வருஷம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் சந்தை விலைக்குத் தாவும். கைமாறியபோது வந்து நின்றவர் நீங்கள். 1 சதவீதத்துக்கு மேல் இருப்பது பாண்டுகளுக்கான (பள்ளி போன்றவற்றுக்கு மக்கள் ஒப்புதலோடு வாங்கிய பொதுக் கடன்) வரியும் உள்ளூர்க் கட்டணங்களும். இருபது வருஷம் போனால் உங்களைப் பார்த்து வேறொருவர் பொருமுவார்.

அந்த 7,000? விற்றவரின் பழைய மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கான வரி அது. விற்றவருக்கு மதிப்பு 4 லட்சம் என்று வையுங்கள். வித்தியாசம் 10 லட்சத்துக்குச் சுமார் 1.2 சதவீதம், 12,000. டிசம்பர் முதல், வரி வருஷம் முடியும் ஜூன் வரை ஏழு மாதத்துக்கு 7,000. ஒரே தடவைதான். எஸ்க்ரோ (வீட்டுக் கடன் கொடுத்தவர் வரி கட்ட வைத்திருக்கும் கணக்கு) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், தேதி தப்பினால் 10 சதவீத அபராதம். சேமிப்பிலிருந்து இரண்டு தவணையாகக் கட்டுங்கள்.

இனி நிஜக் கவலை. வரி 2 சதவீதம் ஏறினால் வருஷம் 340 டாலர், மாதம் 28. ஹெலாக்குக்கு வட்டி மட்டும் வருஷம் 7,650, மாதம் 640! மிதக்கும் வட்டி வேறு. அதற்கு எந்த ப்ராப்பும் வரம்பு கட்டவில்லை. பணம் இந்த வீட்டுக்குச் செலவாகாததால் வட்டிக்கு வருமான வரிக் கழிவும் இல்லை.

20,000 அனுப்ப வேண்டாம். ஃபிளாட் மச்சினன் பேரில்தானே? திருச்சியிலேயே அவர் வீட்டுக் கடன் வாங்கட்டும். பேசச் சங்கடமென்றால் முதலில் ஹெலாக்கை முடக்குங்கள். அப்புறம் "கையில் இல்லை" என்று சொன்னால் பொய்யாகாது.