பிடித்த பாட்டில் எந்த இடத்தை ரிங்டோனாக வெட்டுவது?

பிடித்த பாட்டு நிறைய இருக்கிறது, ஆனால் ரிங்டோனாக வைத்தால் எதுவும் ஒட்டவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டை மாற்றிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, பாட்டுக்குள் சரியான இடத்தைத் தேடுங்கள் என்பதுதான் என் பதில்.

பழைய நோக்கியா ஃபோன்களின் அந்த மெட்டு, ஸ்பெயின் கிதார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ டாரேகா 1902இல் இயற்றிய ஒரு வால்ட்ஸ் இசையிலிருந்து எடுத்த சின்னத் துண்டு. முழு உருப்படியைக் கேட்டவர்கள் குறைவு, ஆனால் அந்தத் துண்டை உலகமே முணுமுணுத்தது. நமக்கும் அப்படி ஒரு துண்டு போதும்.

நிறைய பேர் பாட்டை முதலிலிருந்தே வைத்துவிடுகிறார்கள். அடங்கிய குரலிலோ தம்பூரா ஸ்ருதியிலோ மெல்லத் தொடங்கும் பாட்டென்றால், அது சூடு பிடிப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். அதே போல, ஹெட்ஃபோனில் நெஞ்சை அதிரவைக்கும் பாஸ் என்ற தாழ்ந்த ஒலி, ஃபோனின் குட்டி ஸ்பீக்கரில் ஏறக்குறைய காணாமலே போய்விடும். நம் காதுக்கு ரொம்பக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையுள்ள உயர்ந்த ஒலிகள், அதனால் புல்லாங்குழல், வயலின், வீணை, மணியோசை, உச்சத்தில் வரும் ஹம்மிங் போன்றவை சத்தத்துக்கு நடுவிலும் தனியாகத் தெரியும்.

என்னைக் கேட்டால் பல்லவியை விட இடையிசையைத்தான் எடுக்கச் சொல்வேன். பல்லவியில் வரிகள் இருக்கின்றன, பாதி வரியில் ஃபோனை எடுத்தால் அந்தப் பாட்டை நேசிப்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும், தவிர நாள் முழுக்க அதே சொற்கள் காதில் விழுந்தால் எவ்வளவு நல்ல வரியும் மெல்ல மெல்லச் சலித்துவிடும். முதல் சரணத்துக்கு முன்னால் வரும் இசையை ஒரு தடவை அதற்காகவே உட்கார்ந்து கேளுங்கள், எங்கே அறுத்தாலும் கெடாத சில நொடிகள் அங்கே கிடைக்கும்.

வெட்டுவது பெரிய வேலை இல்லை. கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருள் இலவசம். தாளம் விழும் இடத்தில் சரியாகத் தொடங்குங்கள், முன்னால் ஒரு நொடி மௌனம்கூட விடாதீர்கள், கடைசியில் மட்டும் ஒலி மெல்லத் தேய்ந்து அடங்கும்படி கொஞ்சம் ஃபேட் அவுட் கொடுங்கள். ஐஃபோனில் கராஜ்பேண்ட் என்ற இசை ஆப் வழியாகச் செய்தால் 30 நொடிக்குள் அடங்க வேண்டும், ஆண்ட்ராய்டில் எம்பி3 கோப்பை 'ரிங்டோன்ஸ்' ஃபோல்டரில் போட்டாலே பட்டியலில் வந்துவிடும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோடு செய்த பாட்டு இதற்கு உதவாது, அது அந்த ஆப்புக்குள் மட்டுமே ஓடும், தனிக் கோப்பாக இருக்கும் பாட்டுதான் வேண்டும்.

அப்புறம் சோதித்துப் பாருங்கள். ஃபோனைப் பைக்குள், துணிகளுக்கு அடியில் வைத்து மூடி, அடுத்த அறைக்குப் போய் வேறொரு ஃபோனிலிருந்து அழையுங்கள். மூன்று நொடிக்குள் 'இது என் ஃபோன்' என்று தெரிந்தால் அதையே வையுங்கள். வெறும் இரைச்சலாகக் கேட்டால் அதே பாட்டில் வேறு இடம் பாருங்கள்.

உயிருக்கு உயிரான பாட்டு ஒன்று இருந்தால், அதை எல்லா அழைப்புக்கும் வைக்க வேண்டாம். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கும் அது ஏன் ஒலிக்க வேண்டும்? அம்மாவோ, நெருங்கிய சிநேகிதரோ, அந்த ஒருவரின் எண்ணுக்கு மட்டும் காண்டாக்டில் போய்த் தனியாக வைத்துவிடுங்கள்.