பழைய குவாட்ரோவும் கிழக்கின் உப்புக் காற்றும்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓடும் பழைய ஜெர்மன் நாலு சில்லு இழுவைக் கார்களைப் பற்றிச் சேர்ந்திருந்த கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் எழுதுகிறேன். நான் வைத்திருப்பது 1.8 டர்போ எஞ்சின் போட்ட முதல் தலைமுறை ஆடி ஏ4 குவாட்ரோ. அதனால் அந்தக் காரைப் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளும்.

கல்லடியிலிருந்து: அண்ணா, 1999 ஏ4 குவாட்ரோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, கை கியர். நாலு சில்லும் இழுக்கிற கார், செலவு தாங்காது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

தம்பி, குவாட்ரோ பகுதிக்கு, அதாவது ஆடியின் நாலு சில்லு இழுவைக்கு, பயப்படத் தேவையில்லை. அதன் நடுவில் இருப்பது டோர்சன் டிஃபரன்ஷியல், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பங்கிடும் பாகம். முழுக்கப் பற்சக்கரம்தான், கம்ப்யூட்டரோ சென்சரோ கிடையாது. கை கியர் காரில் அது கியர்பெட்டிக்குள்ளேயே, அந்த ஒயிலிலேயே ஓடுகிறது. கியர் ஒயிலையும் பின் டிஃபரன்ஷியல் ஒயிலையும் மாற்றிக்கொண்டு வந்தால் அது உங்களைத் தொந்தரவு செய்யாது.

பார்க்க வேண்டியது எஞ்சினை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், ஹெட்டைக் கழற்றாமல் தீராது. பெல்ட்டோடு டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில பம்புகளில் உள்ளே சுழலும் இதழ் பிளாஸ்டிக். நம் வெக்கைக்கு அது உடையும், உலோக இதழ் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஒயில் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தார் பூசியதுபோல் கறுப்பாகத் தடித்துக் கிடந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். மலிவு ஒயில் போட்டு நாள் கடத்திய வண்டி அது. ஒயில் உறிஞ்சும் வலை அடைபட்டிருந்தால் முதலில் டர்போ போகும், அப்புறம் எஞ்சின் போகும்.

காத்தான்குடியிலிருந்து: காக்கா, முன்பக்கம் வேகத்தடையில் ஏறினால் ‘டக் டக்’ என்கிறது. கராஜில் சஸ்பென்ஷன் கை (முன் சில்லை வண்டியோடு இணைக்கும் தண்டு) மாற்றினார்கள், சில மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

பழைய ஏ4 வைத்திருக்கும் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி இது. ஒரு பக்கத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று முன்பக்கம் மட்டும் எட்டுக் கைகள். ஒன்று தளர்ந்திருந்தால் மற்றதும் அதே வயசுதான். குறைந்தது மேல் கைகள் நாலையும் சேர்த்து மாற்றுங்கள்.

வேலை நடக்கும்போது இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேல் கைகள் இரண்டின் போல் ஜொயின்டையும் (கை நுனியில் சுழலும் குமிழ் மூட்டு) ஒரே நீளப் போல்ட் குறுக்கே போய்ப் பிடித்திருக்கும். நம் கடற்கரைக் காற்றில் அது துருவேறி இறுகிப் போயிருக்கும். சம்மட்டியால் அடித்தால் போல்ட்டின் தலை விரியும், அதைப் பிடித்திருக்கும் பாகமே வெடிக்கவும் கூடும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அடுத்த நாள் சூடு காட்டி, இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்பி எடுக்க வேண்டும். புதுப் போல்ட்டைக் கிரீஸ் பூசிப் போடுங்கள்.

இரண்டாவதுதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன். கார் ஜாக்கில் தொங்கும்போதே புஷ் (கையின் மறுமுனையில் இருக்கும் ரப்பர்) போல்ட்டுகளை முறுக்கி விடுகிறார்கள். கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், ஓட ஓடக் கிழியும். கார் தரையில் நிற்கும் உயரத்துக்குக் கையைத் தூக்கி வைத்துத்தான் கடைசி முறுக்கு. உங்கள் மெக்கானிக்கிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், நல்ல மெக்கானிக் கேட்பார். சாமானைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தாலும் பழைய கையை வாங்காதீர்கள். அந்த ரப்பரும் உங்கள் ரப்பர் அளவுக்குக் கிழடு.

அக்கரைப்பற்றிலிருந்து: இரண்டு ரயர் மட்டும் புதிதாகப் போட்டால் போதுமா?

கூடாது. ஒரு அச்சில் புது ரயரும் மற்ற அச்சில் மொட்டை ரயரும் இருந்தால் முன் அச்சும் பின் அச்சும் எப்போதும் வெவ்வேறு வேகத்தில் சுழலும், நடு டிஃபரன்ஷியலுக்கு ஓய்வே இல்லை. நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. சந்தேகம் இருந்தால் தையற்கார நாடாவால் ரயரின் சுற்றளவை அளந்து பாருங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: ஐயா, மாரி தொடங்கினால் காருக்குள் கம்பளம் நனைகிறது. கண்ணாடி ரப்பரை மாற்றியும் நிற்கவில்லை.

கார் மரத்துக்குக் கீழே நிற்கிறதா? பொனட்டைத் திறந்தால், முன் கண்ணாடிக்குக் கீழே பற்றரி இருக்கும் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தின் தண்ணீர் வெளியேற பற்றரிக்கு அடியில் ஒரு துவாரமும், பிரேக் பூஸ்டருக்கு அடியில் இன்னொன்றும் உண்டு. வேப்பிலையும் மண்ணும் சேர்ந்து அதை அடைக்கும். அப்புறம் பள்ளம் குளமாகி, தண்ணீர் காருக்குள் வரும். எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்டியும் அந்தப் பக்கத்திலேயே இருப்பதால் இது கம்பளத்தோடு முடிகிற கதையல்ல. பற்றரியைக் கழற்றித் துவாரத்தைத் துப்புரவு செய்யுங்கள், ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னால். கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சையும் வெயிலில் காயவையுங்கள்.

வவுணதீவிலிருந்து: படுவான்கரையில் வெள்ளம் வந்தால் குவாட்ரோவை நம்பி இறங்கலாமா?

இறங்காதீர்கள். நாலு சில்லு இழுவை சேற்றிலும் வழுக்கலிலும் உதவும். ஆழத்துக்கு அது உதவாது. எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனால் அதை நெரிக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்துவிடும். நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். தண்ணீரைக் கடந்து வந்துவிட்டாலும் வேலை இருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

கல்முனையிலிருந்து: என்னிடம் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 4மோஷன், அதுவும் நாலு சில்லு இழுவை. கடற்கரை மணலில் முன் சில்லு மட்டும் சுற்றுகிறது.

உங்களுடையது டோர்சன் அல்ல, ஹால்டெக்ஸ். பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் இருக்கும், கம்ப்யூட்டர் இயக்குகிற கிளட்ச். அதற்குத் தனி ஒயில், தனி ஃபில்டர். ஒயிலை 30,000 கிலோமீற்றரில், ஃபில்டரை 60,000இல் மாற்ற வேண்டும். நம் பக்கம் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள். சரிவராவிட்டால் ஃபோக்ஸ்வேகனுக்கான ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டுங்கள்.

திருக்கோவிலிலிருந்து: அண்ணா, ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம் தங்கச்சி. நம் கரையோரக் கிணறுகள் பல உவர். உப்பு உள்ளே படிந்து அலுமினியத்தைத் தின்னும். வடித்த தண்ணீரும் சரியான கூலன்டும் மட்டும். பழைய சிவப்பு ஜி12 கூலன்டோடு பச்சை, நீலம் எதையும் கலக்காதீர்கள். டாங்கியில் மண்ணிறம் தெரிந்தால் யாரோ ஏற்கனவே கலந்துவிட்டார்கள். முழுக்க இறக்கிக் கழுவி, புதிதாக நிரப்புங்கள்.

அம்பாறை நகரிலிருந்து: மகியங்கனை வழியில் குவாட்ரோ நின்றுவிட்டால் எப்படிக் கொண்டுவருவது?

முன் சில்லைத் தூக்கி, பின் சில்லு தரையில் உருள இழுக்கும் வண்டியைக் கூப்பிடாதீர்கள். இரண்டு அச்சும் இணைந்த கார் என்பதால் கியர்பெட்டிக்குள் டிஃபரன்ஷியல் வழி முழுக்க அரைபட்டுக்கொண்டே வரும். நாலு சில்லையும் மேலே ஏற்றும் தட்டையான லொறிதான் வேண்டும். அப்படி லொறி வைத்திருப்பவரின் நம்பரை இப்போதே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடும்போதே ‘நாலு சில்லும் இழுக்கிற கார்’ என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கொக்கி வண்டிதான் வரும்.