வன்னியில் புதிதாகக் குடியமர்வோருக்கு: கேள்வி பதில்

விவசாயப் போதனாசிரியராக வன்னியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வெளியிடங்களிலிருந்து இங்கே வீடு மாறி வருவோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். காணி, தண்ணீர், பயிர் ஆகிய மூன்றும் நான் நன்கு அறிந்தவை. மற்றவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்வேன், அல்லது கேட்க வேண்டிய இடத்தைக் காட்டுவேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே வாடகைக்கு வீடு எடுப்பதா, தினமும் போய்வருவதா?

பதில்: தங்கச்சி, அங்கேயே தங்குங்கள். ஏ9 வீதியில் மாங்குளம் வரை வருவதில் பெரிய சிரமம் இல்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ34 வீதியில் இறங்கி, உள்வீதியால் போகவேண்டிய கடைசித் தூரம்தான் ஆளை வருத்தும். பேருந்து ஒன்றைத் தவறவிட்டால் முதலாம் பாடம் போய்விடும். மாலையில் தவறவிட்டால் இருட்டில் காட்டுப் பாதையால் மோட்டார் சைக்கிளில் வரவேண்டியிருக்கும். பொழுது சாய்ந்த பின் யானை வீதிக்கு ஏறும் இடங்கள் அந்தப் பக்கத்தில் உண்டு.

வீடு பார்க்கும்போது சுவரைப் பார்க்குமுன் கிணற்றைப் பாருங்கள். மாரியில் எந்தக் கிணறும் நிறைந்திருக்கும். ஆவணி, புரட்டாதியில் அடி தெரியுமா என்று பக்கத்து வளவுக்காரரிடம் கேளுங்கள். பிள்ளைகளைப் பாய் விரித்து நிலத்தில் படுக்கவிடாதீர்கள். இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும் விரியன் இனம் இங்கு உண்டு. அதன் கடி பல வேளைகளில் வலிப்பதுமில்லை, வீங்குவதுமில்லை. விடியற்காலையில் வயிற்றுவலியும் கண்ணிமைச் சரிவும் மூச்சுத் திணறலும் வந்த பிறகுதான் கடிபட்டதே தெரியவரும். கட்டிலில் நுளம்பு வலையைப் போட்டு, அதன் ஓரத்தை மெத்தையின் கீழ்ச் செருகிவிடுங்கள். யாருக்காவது கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நேரே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கண்டாவளைப் பக்கம் அரை ஏக்கர் மேட்டுக்காணி விலைக்கு வருகிறது. முழு உரிமையைக் காட்டும் உறுதிப் பத்திரம் இல்லை, அரசாங்கம் கொடுத்த காணி அனுமதிப்பத்திரம் மட்டும் இருக்கிறது. சட்டத்தரணி முன்னிலையில் கையெழுத்து வைத்துத் தருவதாக உரிமையாளர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இதையே பலர் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. முதலில் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். நிபந்தனைகள் நிறைவேறிய பின் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். இரண்டு நிலையிலும், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் காணியைக் கைமாற்ற முடியாது. சம்மதமின்றி எழுதிய கடிதம் எத்தனை முத்திரையோடு இருந்தாலும், யார் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டாலும், காணி உங்களுடையதாகாது. காணிக்காரர் இறந்தால் அது அவருடைய வாழ்க்கைத்துணைக்கும், அவர் நியமித்த பின்னுரித்தாளருக்கும், நியமனம் இல்லையென்றால் சட்டத்தின் அட்டவணைப்படி உறவினருக்கும் செல்லும். பணம் கொடுத்தவரின் பெயர் அந்த வரிசையில் எங்கும் இல்லை.

அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்கி விரித்துப் பாருங்கள். யாருக்கு வழங்கப்பட்டது, எத்தனை ஏக்கர், றூட், பேர்ச், நான்கு எல்லைகளும் எவை, பின்னுரித்தாளராக யாருடைய பெயர் எழுதப்பட்டுள்ளது என்பன அதில் இருக்கும். இடப்பெயர்வுகளில் மடியில் கட்டிக் கொண்டு திரிந்த பத்திரங்கள் பலவற்றில் மடிப்புக் கிழிந்து, எல்லை எழுதிய வரியே அழிந்துபோயிருக்கும். ஆகவே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உள்ள பேரேட்டோடு ஒப்பிடாமல் ஒரு சதமும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள். கண்டாவளை என்றபடியால் இன்னொன்றும் கேட்டறியுங்கள்: 2018 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வளவில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது?

கேள்வி: அனுமதிப்பத்திரக் காணியில் ஒரு துண்டை மட்டும் பிரித்து வாங்கலாமா?

பதில்: சம்மதமின்றி முடியாது. முந்திய பதிலை வாசியுங்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் மக்களை வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். பரந்தனிலும் கிளிநொச்சியிலும் எத்தனையோ வீடுகளும் கடைகளும் அற்றோணித் தத்துவத்தில் வாங்கிய காணியில்தான் நிற்கின்றன. யாரும் யாரையும் எழுப்பவில்லை. அனுமதிப்பத்திரக் காணியை விட்டால் சாதாரண சம்பளக்காரன் எதை வாங்குவது?

பதில்: தம்பி, நீங்கள் சொல்லும் வீடுகளை நானும் அறிவேன். விற்றவர் உயிரோடு இருக்கும் வரைக்கும், அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வராத வரைக்கும், காணியின் விலை ஏறாத வரைக்கும் யாரும் எழுப்பமாட்டார்கள். அற்றோணித் தத்துவம் என்பது ஒருவருக்காக இன்னொருவர் செயற்படும் அதிகாரம் மட்டுமே. கொடுத்தவர் இறந்த அன்றே அது செயலிழந்துவிடும். சம்மதம் பெறாத கைமாற்றத்துக்கு அது எக்காலத்திலும் உயிர் கொடுக்காது. இப்படி வாங்கிய காணியில் கல்வீடு கட்டி, தென்னை காய்க்கத் தொடங்கிய பின் பின்னுரித்தாளர் வந்து கேட்டபோது, கட்டிய வீட்டின் செலவைக் கூடப் பெறமுடியாமல் நின்ற குடும்பங்களோடு நான் பிரதேச செயலகத்தின் வாங்கில் அமர்ந்திருக்கிறேன். சாதாரண சம்பளக்காரனுக்காகத்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்; ஒரு தடவை ஏமாந்தால் அவனால் மீண்டும் சேமிக்க முடியாது.

கேள்வி: இந்த விவாதத்தில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். விற்பவரின் பக்கத்தை யாரும் பேசவில்லை. கணவரின் சத்திரசிகிச்சைக்குப் பணம் வேண்டியபோது எங்களிடம் இருந்தது காணி ஒன்றுதான். அதை ஒழுங்காக விற்கச் சட்டம் விடவில்லை. அதனால் கைக்கடிதத்தில் மலிவாகக் கொடுத்தோம். பிழை சட்டத்தில்தான் இருக்கிறது.

பதில்: தங்கச்சி, உங்கள் துன்பம் உண்மையானது, மலிவாகக் கொடுக்க நேர்ந்ததற்குக் காரணம் அந்தக் கட்டுப்பாடு என்பதும் உண்மை. சட்டம் அங்கீகரித்த நிறுவனங்களில் சம்மதத்துடன் ஈடுவைக்கும் வழி உண்டு என்பதைக் கிராமத்தில் உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது எங்கள் எல்லோருடைய குறையும்தான். ஆயினும் சட்டமே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். காடு வெட்டிக் குடியேறியவரின் காணி வட்டிக்காரரிடம் போய்ச் சேரக்கூடாது என்பதே அதன் நோக்கம். 2009க்குப் பிறகு எதுவுமில்லாமல் மீளக்குடியமர்ந்த பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பலவற்றுக்கு, விற்கமுடியாதிருந்த அந்தக் காணிதான் எஞ்சியது. தாராளமாக விற்கும் நிலை அன்று இருந்திருந்தால், வீதியோரக் காணிகளில் எத்தனை அவர்களிடம் மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். சட்டத்தைத் திருத்தவேண்டுமா என்பது பேசவேண்டிய விடயமே. திருத்தப்படும் வரை, வாங்க வருபவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சம்மதக் கடிதம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: நான் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவன். ஓய்வுக்குப் பின் ஊரோடு வந்து இருக்க விரும்புகிறேன். முள்ளியவளையில் உறுதிக் காணி வாங்க முடியுமா?

பதில்: வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உடையவருக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்ற பின் வாங்கலாம். உறவினர் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடும்பங்கள் பிரிவது அங்கேதான். உறுதிக் காணியிலும், வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி காணியில் பங்குள்ளவர்களுக்கும் உரித்தாளர்களுக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு என்பதால், அவர்களுக்கு முறையான அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று உங்கள் நொத்தாரிசிடம் கேளுங்கள். அளவையும் கவனியுங்கள். நீங்கள் ‘பரப்பு’ என்ற யாழ்ப்பாணத்து நில அளவில் நினைப்பீர்கள், இங்கே ஏக்கரில் பேசுவார்கள். ஓர் ஏக்கர் 16 பரப்பு.

கேள்வி: எங்கள் தகப்பனார் 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். இன்றுவரை எங்கள் வளவுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. இப்போது வளவின் பின்பக்கத்தில் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்வி வந்ததற்கு நன்றி. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இதே நிலையில் இருக்கின்றன. புதிதாக வருவோரின் கேள்விகளுக்கிடையில் இவர்களுடைய கேள்வி அமுங்கிப் போகிறது. நீங்கள் செய்யவேண்டியது சான்று சேர்ப்பது. தகப்பனாரின் பெயர் உள்ள பழைய வாக்காளர் இடாப்புப் பிரதிகள், பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவுகள், மின்கட்டணச் சிட்டைகள், பங்கீட்டு அட்டை எஞ்சியிருந்தால் அதுவும் வேண்டும். வளவில் உள்ள தென்னை, பலா, மா ஆகியவற்றின் வயதைக் கிராம அலுவலரின் அறிக்கையில் எழுதுவியுங்கள். அந்த மண்ணில் நீங்கள் இருந்த காலத்துக்கு அவையும் சான்று. இவற்றோடு, அரச காணி கோருவோரை விசாரிக்கும் காணிக் கச்சேரிக்கு விண்ணப்பியுங்கள்.

எல்லைக்கல் நிற்கும் பகுதி வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தால், அதை வனப் பாதுகாப்புத் திணைக்களம் விடுவிக்கும் வரை பிரதேச செயலாளரால் அனுமதிப்பத்திரம் வழங்க முடியாது. கல்லைப் பிடுங்காதீர்கள், அப்பால் புதிதாக வெட்டவும் செய்யாதீர்கள். இரண்டும் உங்கள் மேல் வழக்காகும். ஒரே வரிசையில் பாதிக்கப்பட்ட வளவுக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். தனித்தனியாகப் போனவர்களைவிடச் சேர்ந்து போனவர்களின் கோப்பு விரைவாக நகர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: வவுனியா வடக்கில் வீடு கட்டுகிறோம். குழாய்க்கிணறா, வெட்டுக்கிணறா நல்லது?

பதில்: யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் வரும் என்ற பழக்கத்தோடு இங்கே வராதீர்கள். உள்வன்னியில் அடியில் கிடப்பது கருங்கற் பாறை. பாறையின் வெடிப்பில் ஓடும் தண்ணீர் ஒரு வளவில் இருக்கும், அடுத்த வளவில் இராது. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கீழ்ப்புறமாக உள்ள காணியில் வெட்டுக்கிணறே போதும். ஆழக் குழாய்க்கிணறுகளில் புளோரைட்டு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். புளோரைட்டு கொதிக்கவைப்பதால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுவதால், எந்தக் கிணறானாலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகே குடிக்கப் பயன்படுத்துங்கள். சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பார்ப்பது கடினத்தன்மையை மட்டுமே காட்டும், புளோரைட்டைக் காட்டாது.

கேள்வி: அனுமதிப்பத்திரக் காணியைக் குத்தகைக்கு எடுத்துக் கடை போடலாமா?

பதில்: பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். வயல் வேலை எனக்குப் புதிது. எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, கலப்பையைத் தேடுமுன் கமக்கார அமைப்பின் செயலாளரைத் தேடுங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு முடிக்கும் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, கால்நடைகளை வெளியேற்றும் திகதி எல்லாம் தீர்மானிக்கப்படும். அந்தத் தீர்மானம் கூட்டத்துக்கு வராதவரையும் கட்டுப்படுத்தும். கோடைச் செய்கையான சிறுபோகத்தில் குளத்து நீரின் அளவுக்கேற்ப விதைக்கும் பரப்பு குறைக்கப்படும் என்பதால், காணிக்காரருக்கு அந்தப் போகத்தில் பங்கு உண்டா என்று அறியாமல் சிறுபோகக் குத்தகைப் பணம் கொடுக்காதீர்கள். கமநல சேவை நிலையத்தில் செய்கையாளராக உங்கள் பெயர் பதியப்படாவிட்டால், உர மானியமும் அழிவுக்கான இழப்பீடும் காணிக்காரரின் பெயருக்கே போகும்.

முதற் காலபோகத்தில், அதாவது மாரிச் செய்கையில், மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்கு ஆசைப்படாதீர்கள். மழை பிந்தினால் களை முந்திவிடும், அதைச் சமாளிக்க அனுபவம் வேண்டும். மூன்றரை மாத வயதுடைய ஏ.ரி. 362 போன்ற இனத்தோடு தொடங்குங்கள். பயிர் கறுத்துச் செழிக்கவேண்டும் என்று யூரியாவை அள்ளி எறியாதீர்கள். மிதமிஞ்சிய யூரியா, சாறு உறிஞ்சும் பூச்சியான அறக்கொட்டியானை அழைத்துவரும். காலையில் வயலுக்குள் இறங்கி, தண்டின் அடியை விரலால் விலக்கிப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கபில நிறத்தில் அப்பிக்கொண்டிருப்பவை அவைதாம். வரம்பில் நின்று பார்த்தால் பயிர் வட்டமாக எரிந்த பிறகுதான் தெரியும். சேற்றில் இறங்குமுன் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள். அறுவடையான நெல்லைப் படுக்கையறையில் அடுக்காதீர்கள். யானை நெல் மணத்துக்குச் சுவரை இடித்துக்கொண்டு வரும்.

கேள்வி: தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியிருக்கிறோம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுப்பது எப்படி?

பதில்: முதலில் குடியுரிமைச் சான்றிதழ், பிறகு அடையாள அட்டை. விபரங்களைப் பிரதேச செயலகத்திலும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் கேளுங்கள். இது என் துறை அல்ல.

கேள்வி: வாங்கிய வளவைத் துப்புரவாக்கும்போது துருப்பிடித்த இரும்புப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அகற்றிவிட்டு வேலையைத் தொடரலாமா?

பதில்: தொடாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி நடந்து, பிள்ளைகளை அப்பக்கம் விடாமல், பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் உடனே அறிவியுங்கள். அவ்விடத்தில் நெருப்பு மூட்டவே கூடாது. கண்ணிவெடி அகற்றுவோர் வந்து பார்த்து எழுத்தில் தரும் வரை வேலையை நிறுத்துங்கள்.

கேள்வி: அனுமதிப்பத்திரம் தொலைந்துவிட்டதாகச் சொல்லி, பிரதியைக் காட்டிக் காணி விற்கிறார். விலை மலிவு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: வந்து சில மாதங்களாகியும் அயலவர் எங்களோடு ஒட்டவில்லை. எங்கள் மாடும் ஒருமுறை அவர்களுடைய வயலுக்குள் போய்விட்டது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: மாடு மேய்ந்த பயிருக்கு நட்டத்தை அவர் கேட்குமுன் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்; பிறகு வேலியை அடையுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மரண உதவிச் சங்கத்திலும் சந்தா கட்டிச் சேருங்கள். ஊரில் செத்தவீடு என்றால் அழைப்பை எதிர்பாராமல் போய்ப் பந்தலுக்குக் கிடுகு பிடியுங்கள். மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் கூப்பிடும்போது, கூலியாளை அனுப்பாமல் நீங்களே மண்வெட்டியோடு போங்கள். வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு அயலவர் உழவு இயந்திரத்தில் போவார்கள். அதில் உங்கள் பிள்ளைகளுக்கும் இடம் கேளுங்கள், தருவார்கள்.