சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம், இனி ஸ்டூல், கைப்பிடி, டைல், விளக்கு எல்லாம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

உட்கார்ந்து சாப்பிடும் மேடையின் அளவு முடிவாகிவிட்டது, கல் இன்னும் வெட்டவில்லை, அலமாரிகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன, மிச்சமிருக்கும் சாமான்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உட்காரும் இடத்தை முதலில் பாருங்கள். கைப்பிடியும் விளக்கும் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம்கூட மாற்றிக்கொள்ளலாம். முழங்காலுக்கு இடம் விடாமல் கல்லை வெட்டிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

யார் உட்காரப் போகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருவார்கள் என்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி. உயரமான ஸ்டூலில் ஏறி உட்காரச் சொன்னால் நின்றுகொண்டே இருந்துவிடுவார். பையனோ அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அதனால் மேடையின் ஓரத்தை ஒட்டி 30 அங்குல உயரத்தில் ஒரு சின்ன மேசையும் சாதாரண நாற்காலியும் போட்டோம், மேடைக்கு ஸ்டூல் தனி. பார்க்க ஒரே சீராக இல்லை என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும்.

இருக்கைக்கும் மேசைப் பரப்புக்கும் நடுவே 10 முதல் 12 அங்குலம் வேண்டும். 36 அங்குல மேடைக்கு 24 முதல் 26 அங்குல இருக்கை, 42 அங்குல பார் மேடைக்கு 30 அங்குல இருக்கை, 30 அங்குல மேசைக்கு 18 அங்குல நாற்காலி. ஸ்டூலின் விவரத்தில் போட்டிருக்கும் உயரம் பல நேரம் முதுகுச் சாய்வின் உச்சி வரைக்கும் அளந்ததாக இருக்கும், இருக்கையின் உயரம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். மேடைக்கு அடியில் சட்டமோ டிராயரோ இருந்தால் தொடை போய் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு 24 அங்குல அகலம் கணக்கு. ஆக, 6 அடி நீள மேடையில் மூன்று பேர். நான்காவது ஸ்டூலை நெருக்கிப் போட்டால் முழங்கை முழங்கையோடு மோதும். முழங்காலுக்காகக் கல் வெளியே நீட்டியிருக்கும் ஆழம் 36 அங்குல மேடைக்கு 15 அங்குலம், பார் உயரத்துக்கு 12 போதும், தாழ்ந்த மேசைக்கு 18. கல் 10 அங்குலத்துக்கு மேல் அந்தரத்தில் நீட்டினால் அடியில் இரும்புத் தாங்கி தேவையா என்று கல் வேலைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். யாராவது ஒருநாள் அந்த ஓரத்தில் ஏறி உட்காரத்தான் செய்வார்கள்.

எல்லோரும் மறப்பது பின்பக்க இடம். உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் மேடை விளிம்பிலிருந்து சுவர் வரை 44 அங்குலம் வேண்டும். ஒதுங்கி நுழைந்து போனால் போதும் என்றால் 36, யாருமே போகாத இடம் என்றால் 32. காகிதத்தில் படித்தால் இது மண்டையில் ஏறாது. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டைப்பெட்டிகளை மேடை உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு பலகை வைத்து, முன்னால் ஒருவரை உட்கார வையுங்கள். இன்னொருவர் ஃப்ரிட்ஜ் கதவை முழுசாகத் திறக்கட்டும், மற்றவர் கையில் தட்டோடு கடந்து போகட்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவு ஸ்டூலின் முதுகில் போய்த் தட்டும் என்பது இப்படித்தான் தெரிந்தது. ஸ்டூலை ஒரு ஆள் அகலம் தள்ளிப் போட்டதும் சரியாகிவிட்டது.

கால் வைக்கக் கம்பி இல்லாத ஸ்டூலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி விளிம்பில் அழுந்திச் சீக்கிரமே மரத்துப்போகும். மரக் கம்பியாக இருந்தால் அதன்மேல் உலோகத் தகடு பதித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில்தான் பாலிஷ் முதலில் தேயும். முதுகு இல்லாத ஸ்டூலை மேடைக்கு அடியில் தள்ளிவிடலாம், இடம் மிச்சம். ஆனால் அரைமணிக்கு மேல் உட்காருபவருக்கு முதுகுச் சாய்வு வேண்டும். பாதத்துக்கு அடியில் ஒட்டும் கம்பளித் துண்டு ஈரத் தரையில் முடியும் அழுக்குமாகச் சேர்த்துக்கொள்ளும், அதைவிட ரப்பர் மூடி நல்லது.

கைப்பிடிக்கு அழகைவிட முக்கியம் திருகுத் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம். பரவலாகக் கிடைப்பவை 96, 128, 160 மி.மீ., அதாவது 32-இன் மடங்குகள். இந்த அளவுகளில் ஒன்றுக்குத் துளை போட்டுவிட்டால் பின்னால் வேறு டிசைனுக்கு மாறுவது திருகு கழற்றி மாட்டும் வேலை மட்டுமே. கடையில் கையை நனைத்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் வேண்டாம். இரு முனையும் வெளியே நீட்டியிருக்கும் கம்பிக் கைப்பிடியில் சட்டைப் பை மாட்டிக் கிழியும்.

குழாய் விஷயம் சுருக்கம்: உப்புத் தண்ணீர் வரும் வீட்டுக்கு மேட் கருப்பு ஒத்துவராது, வெள்ளைக் கறை பளிச்சென்று தெரியும். பிரஷ்டு ஸ்டீல், அதாவது மெல்லிய கோடுகளோடு மங்கலாக்கிய ஸ்டீல், கைரேகையையும் தண்ணீர்ப் புள்ளியையும் ஓரளவு மறைக்கும். குழாயும் கைப்பிடியும் ஒரே உலோக நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை.

பின்சுவர் டைலில் நான் இணைப்புக் கோடுகளைத்தான் எண்ணுவேன். சின்னச் சின்ன மொசைக் என்றால் அத்தனை கோடுகளையும் துடைக்கப் போவது நீங்கள்தான். அடுப்புக்குப் பின்னால் பெரிய டைல், கோட்டை நிரப்ப எபாக்ஸி க்ரவுட் (பிசின் கலந்த பூச்சு), வெளுப்பில்லாத சாம்பல் நிறம். எபாக்ஸி கறையை உறிஞ்சாது, ஆனால் பூசும்போதே மேலே படிந்ததைத் துடைத்து எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மேடைக் கல்லும் சுவரும் சேரும் மூலையில் க்ரவுட் போட விடாதீர்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் அசைவதால் அங்கே வெடிப்பு விழும், அந்த இடத்துக்கு சிலிகான்தான். டைல் ஒட்டுவதற்கு முன்பே பிளக் பாயிண்ட் இடங்களை முடிவு செய்துவிடுங்கள், உட்காரும் பக்கத்துக்கும் ஒன்று.

மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவர் டைலை நிமிர்த்தியும் மேடைக் கல்லைப் படுக்கவைத்தும், ராத்திரி உங்கள் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கடை வெளிச்சத்தில் வெண்மையாக இருந்தது இங்கே மஞ்சளாகத் தெரியலாம்.

மேல் அலமாரிக்கு அடியில் போடும் எல்இடி பட்டையைச் சுவரோரம் ஒட்டாமல் முன்விளிம்புப் பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் நீங்கள் வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் விழும். பளபளப்பான கல் என்றால் பட்டைக்குமேல் பால் நிற மூடி அவசியம். இல்லாவிட்டால் ஒவ்வொரு எல்இடியும் கல்லில் புள்ளியாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். வேலை செய்யும் இடத்துக்கு 4000 கெல்வின் (வெண்மையான வெளிச்சம்), உட்காரும் இடத்துக்கு 3000 கெல்வின் (இளமஞ்சள்), இரண்டிலும் சிஆர்ஐ, அதாவது நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு, 90-க்கு மேல் இருந்தால் நல்லது. மேடைக்கு மேலே தொங்கும் விளக்கு பொதுவாகப் பரப்பிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்கும். அதை நம்பி ஒயரை வெட்ட வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்து, பல்பு நேராகக் கண்ணில் அடிக்காத உயரத்தைக் குறித்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள்.

கதவில்லாத திறந்த அலமாரி வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு படியும், அதில் தூசி ஒட்டும். தள்ளி ஓர் இடம் இருந்தால் ஒரே ஒரு பலகை வையுங்கள், அதிலும் தினமும் எடுத்துப் புழங்கிக் கழுவுகிற டம்ளர், தட்டு மட்டும்.