கிட்டாரில் பென்டடோனிக் (ஐந்து ஸ்வர) ஸ்கேல் மனப்பாடம், ஆனாலும் சோலோ வாசித்தால் பயிற்சி மாதிரியே இருக்கிறதே, ஏன்?

இதே இடத்தில் நான் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். ஏ மைனர் பென்டடோனிக்கின் ஐந்து பாக்ஸும் (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கும் வடிவங்கள்) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சோலோ என்றால் மட்டும் மேலே ஏறுவேன், கீழே இறங்குவேன், மறுபடி ஏறுவேன். மேற்கு மாம்பலம் வீட்டு மொட்டை மாடியில் ஒருநாள் இப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது, காய்ந்த துணி எடுக்க வந்த அம்மா கேட்டார்: "ஏண்டா, அரை மணி நேரமா சரளி வரிசையே போயிட்டிருக்கு, பாட்டு எப்ப வரும்?"

அம்மா சின்ன வயதில் கர்நாடகப் பாட்டு கற்றவர், அங்கே சரளி வரிசை என்றால் ஆரம்பப் பயிற்சி. ஏ, சி, டி, ஈ, ஜி என்று நான் வாசித்த ஐந்தும் அவர் காதுக்கு சுத்த தன்யாசி ராகம். அதே ஐந்தில் சி-யை ஸட்ஜமாக்கினால் (ஆதார ஸ்வரமாக்கினால்) மோகனம், நம் கணக்கில் சி மேஜர் பென்டடோனிக். ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை, எதில் வந்து நிற்கிறோம் என்பதுதான் மாறுகிறது. பாக்ஸ் விரல் வைக்கும் இடத்தைச் சொல்லும், நிறுத்தும் இடத்தைச் சொல்லாது. என் கோளாறு அங்கேதான் இருந்தது.

ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) ஃபோனில் பதிந்து சுழல விடுங்கள். நான்காம் ஸ்ட்ரிங் ஏழாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஏ-வை மட்டும் எல்லா கார்டுக்கும் வாசியுங்கள். ஏ மைனரில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய மாதிரி இருக்கும். எஃப் வரும்போது அதே ஸ்வரம் கொஞ்சம் உருகும், எஃப்-பிலிருந்து எண்ணினால் அது மூன்றாவது ஸ்வரம். ஜி-யில் அந்தரத்தில் தொங்கும். இது காதில் ஏறிய பிறகு மூன்றாம் ஸ்ட்ரிங்கில் ஐந்து, ஏழாம் ஃப்ரெட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றே ஸ்வரம், ஒரு வாரம்.

அப்புறம் பெண்ட், அதாவது ஸ்ட்ரிங்கை விரலால் இழுத்து ஸ்வரத்தை உயர்த்துவது. மூன்றாம் ஸ்ட்ரிங் ஏழாம் ஃப்ரெட்டில் டி-யை இழுத்தால் ஈ வரை போக வேண்டும். போனதா என்று பார்க்க, இரண்டாம் ஸ்ட்ரிங் ஐந்தாம் ஃப்ரெட்டைத் தட்டுங்கள், அதுதான் ஈ. நான் பல மாதம் பாதி வழியிலேயே நின்றிருக்கிறேன், பழியைக் கிட்டார் மேல் போட்டேன். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) கேட்டு வளர்ந்த வீட்டில் இந்தத் தவறு உடனே மாட்டிக்கொள்ளும். மோதிர விரலால் மட்டும் தள்ளாதீர்கள், பின்னால் இரண்டு விரல் முட்டுக் கொடுக்கட்டும்.

இன்னொன்று, வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். குரல் எப்படி இருந்தாலும் சரி, மூச்சு முடியும் இடத்தில் கை தானாக நிற்கும். மறைந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடுவார், அதற்குக் கிட்டார் பதில் சொல்லும். அந்தப் பதில்களை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

ப்ளூ நோட் (ப்ளூஸில் சேர்க்கும் கூடுதல் ஸ்வரம்), வேகம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இழுக்கும்போது விரல் வலித்தால் 10-க்குப் பதில் அதைவிட மெல்லிய 9 கேஜ் ஸ்ட்ரிங் போடுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்து வையுங்கள்.