ஐந்து நாளில் மூன்று மலையா?

கேள்வி: ஆவணியில் எனக்குக் கல்யாணம். கூட்டமில்லாத, கிராமத்துப் பக்கமான இடத்தில் தேனிலவைக் கழிக்க ஆசை. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு மூன்றையும் ஐந்து நாளில் காட்டும் பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன். சரிதானே? – ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: சரியில்லை. அட்வான்ஸ் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி குவிகிறது என்றுதானே 2024 ஏப்ரல் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது? அங்கே போய் அமைதியைத் தேடுவானேன்? ஊட்டியிலிருந்து இறங்கிப் பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறி, மறுபடி இறங்கி போடிமெட்டு வழியாக மூணாறு ஏறுவதற்குள் இரண்டு பகல் காரிலேயே தீர்ந்துவிடும். முகூர்த்தம், மறுவீடு, விருந்து என்று அலைந்து ஓய்ந்துபோன இரண்டு பேருக்கு முதலில் வேண்டியது தூக்கம்.

பொள்ளாச்சி உங்களுக்குப் பக்கம். ஆனைமலை, ஆழியாறு, சேத்துமடைப் பகுதிகளில் தென்னந்தோப்புக்குள்ளேயே தங்க வீடு கிடைக்கிறது. ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கும், அவ்வப்போது தூறலும் வரும். ஒரே வீட்டில் நான்கு இரவு தங்குங்கள். ஞாயிறு மாலை போய் வியாழன் திரும்பினால் வார இறுதிக் கூட்டத்திடமிருந்து தப்பலாம். ரோஜா இதழ் தூவிய கட்டில், கேக் என்று தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைவிட, அந்த வாரம் பக்கத்து அறைகளில் கம்பெனிக் கூட்டம், பிறந்தநாள் விழா, ஸ்பீக்கர் ஏதாவது உண்டா என்று வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள்.

ஒருநாள் மட்டும் வால்பாறை போய் வரலாம். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு கண்ணில் படுவதுண்டு. யானை, சிறுத்தை நடமாடும் காடு, அதனால் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். மலைப்பாதையில் வாந்தி வருகிறவர் என்றால் ஆழியாறு அணையோடு திரும்பிவிடலாம்.

அப்புறம், கடிதம் முழுக்க உங்கள் ஆசைதான் இருக்கிறது. மணப்பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்குக் கடல் பிடிக்கலாம். அப்படியானால் நான் சொன்ன பொள்ளாச்சியையும் விட்டுவிடுங்கள். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குப் பக்கத்திலேயே, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் அறை கிடைக்கும். யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், இன்றைக்கே அவருக்குப் போன் செய்து கேளுங்கள்.